மறு: புரூடினெஸ் – அடைகாத்தலா, அடைநிலையா?

> அடைகாத்தல் என்று நல்ல சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

வணக்கம். கோழி அடைக்கு உட்கார்ந்துவிடும் நிலையை ஆங்கிலத்தில் புரூடினெஸ் (broodiness) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே வந்த முன்மொழிவுகளுக்கு என் பதில் இது.

அடைகாத்தல் ஒரு செயலின் பெயர். இன்குபேட்டரும் அதைத்தான் செய்கிறது. அதற்கு புரூடினெஸ் வந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. முட்டைகளை எல்லாம் எடுத்த பிறகும் வெறும் கூட்டில் படுத்தே கிடக்கிற கோழியைப் பாருங்கள். கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு உறுமும், கொத்தும். முட்டையிடுவதை நிறுத்திவிடும். ஒரு நாளைக்கு ஒருதரம் எழுந்து, அவசரமாகத் தின்று குடித்து, குடலைப் பிரட்டும் நாற்றத்தில் ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டு, ஓடிவந்து மறுபடி உட்காரும். காப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை. நாம் பெயர் தேடுவது இந்த நிலைக்கு.

"தாய்மை உணர்வு" என்ற முன்மொழிவு கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிடுகிறது. உட்காரும் காலத்தில் பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது, சினைப்பை சுருங்குகிறது. அடிவயிற்று இறகு உதிர்ந்து வெறுந்தோல் முட்டைமேல் படுகிறது. அந்தத் தொடுகையே சுரப்பு குறையாமல் பார்த்துக்கொள்கிறது. சுமார் 21 நாளில் குஞ்சு பொரித்ததும் புரோலாக்டின் இறங்கிவிடும். அப்புறம் குஞ்சுகளை இறக்கைக்குள் அணைப்பது, இரையைக் காட்டிக் கூப்பிடுவது எல்லாம் குஞ்சுகள் கூடவே இருப்பதாலும் அவற்றின் குரலாலும் தொடர்பவை. கருத்தாக உட்கார்ந்த கோழியே பொரித்த குஞ்சைக் கொத்தி விரட்டுவதும் உண்டு. இந்த நிலையின் பெயரில் தாய்மையைச் சேர்த்தால் பாவம், அந்தக் கோழிக்கே சங்கடம்.

அடைகாத்தலைக் குறிக்கும் "அவயம்" வட்டார வழக்கில் உயிரோடு இருக்கும் சொல், எனக்கும் பிடிக்கும். பாடநூலில் வந்தால் பாதிப் பேர் அவயவம் என்று படிப்பார்கள்.

என் பரிந்துரை இரண்டு சொற்கள். ஆங்கிலம் ஒரே சொல்லால் சமாளிக்கிறது என்பதற்காக நாமும் அப்படியே செய்ய வேண்டியதில்லை. இந்தக் கோழி இப்போது இருப்பது அடைநிலை. அது தொடங்கும், முடியும். இனத்தோடு வருவது அடைக்குணம். முட்டைக்காகத் தேர்ந்து பெருக்கியதில் வெள்ளை லெகார்ன் இனக் கோழியிடம் அடைக்குணம் பெரும்பாலும் போய்விட்டது, சில்கி இனத்திடம் தாராளமாக இருக்கிறது. "அடைக்குணம் உள்ள இனம், ஆனால் இன்னும் அடைநிலைக்கு வரவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், தடுக்கவில்லை. (அடைக்கோழியில் ஒற்று மிகுகிறது, அதனால் அடைக்குணத்திலும் மிகட்டும்.)

அடைநிலையைக் கலைப்பதற்கு "முறித்தல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாமே, கோழிக் கழுத்து நினைவுக்கு வருகிறது. அடை தெளிவித்தல் எனலாம். கம்பிவலைத் தரையுள்ள கூண்டில் சில நாள் விட்டால் அடிவயிற்றில் காற்றுப் பட்டுச் சூடு தணியும். தீனியும் தண்ணீரும் வழக்கம்போல இருக்க வேண்டும். பிடிவாதம் மெல்ல விலகுவதைத் தெளிதல் சரியாகவே காட்டுகிறது.

இறகு உதிர்ந்த அந்த வெறுந்தோலுக்கு வந்த "அடைத்தழும்பு" சரியில்லை. அங்கே காயமும் இல்லை, தழும்பும் இல்லை. அடைத்திட்டு போதும்.

குஞ்சு பொரித்த பிறகு வரும் கட்டத்துக்கு என்னிடம் நல்ல சொல் இல்லை. "குஞ்சுப்பேணல்" என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். இதைவிடச் சிறியதாக யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.