வலி குறையுதான்னு எலில பாக்கறோம்: ரைதிங் டெஸ்ட்ல (உடம்ப முறுக்கறத எண்றது) நல்லா குறையுது, ஹாட் பிளேட்ல (சூடான தட்டு) ஒண்ணுமே காணோம், இத எப்படி எடுத்துக்கறது?

செடிமருந்து_எம்ஃபார்ம்:
நொச்சி இலையோட எத்தனால் எக்ஸ்ட்ராக்ட், சுண்டெலிக்கு வாய்வழியா 100, 200, 400 மி.கி./கிலோ குடுத்து பாக்கறோம். அசிட்டிக் ஆசிட்ட வயித்தறைல (குடலச் சுத்தி இருக்கற எடம்) ஊசில போட்டு எலி உடம்ப முறுக்கறத எண்ணுனா டோஸ் ஏற ஏற குறையுது, 400ல டைக்ளோஃபெனாக் (வழக்கமான வலி மாத்திரை) குரூப் கிட்ட வந்துடுது. ஆனா 55 டிகிரி ஹாட் பிளேட்ல கன்ட்ரோல் எலி எப்ப பாதத்த நக்குதோ இதுவும் அப்பவே நக்குது, மார்ஃபின் குரூப் மட்டும்தான் தாங்குது. கைடு "பெரிஃபெரல் அனல்ஜெசிக்னு எழுதிடு"ங்கறார், அதாவது மூளை, தண்டுவடத்துல இல்லாம வலிக்கற எடத்துலயே வேலை செய்யற வலிநிவாரணின்னு. எழுதிடலாமா?

பழைய_லேப்காரன்:
அவசரப்படாதீங்க. ஆசிட் வயித்தறை சவ்வ எரிச்சப்படுத்தி புரோஸ்டாகிளாண்டின (வலிய கூட்டற பொருள்) கிளப்பிவிடுது, அதனால டைக்ளோஃபெனாக் மாதிரி மருந்துங்க அதுல ஜெயிக்கும், ஹாட் பிளேட்ல பெரும்பாலும் தோத்துடும், அந்த வகையில கைடு சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா ரைதிங்க குறைக்கறதுக்கு வலிநிவாரணியாத்தான் இருக்கணும்னு இல்லயே, தூக்கம் வரவைக்கறது, தசைய தளர்த்தறதுகூட குறைச்சிடும், அசந்து கெடக்கற எலி எங்க முறுக்கும்? அதே 400 டோஸ், அதே நேர இடைவெளி, ரோட்டாராட்ல (சுத்தற உருளை) ஏத்தி விழாம நிக்குதான்னு பாருங்க. அது இல்லாம அனல்ஜெசிக்னு எழுதுனா ரிவியூவர் முதல் கேள்வியே அதான் கேப்பார்.

நோசிசெப்டர்:
ரோட்டாராட் ஓகே, ஆனா நல்லா மயங்கின எலின்னா ஹாட் பிளேட்லயும் லேட்டாத்தான நக்கும்? இங்க நேரம் மாறலயே, அதனால என் சந்தேகம் மயக்கத்து மேல கம்மி. ஃபார்மலின் டெஸ்ட் போடுங்க. பின்னங்கால் பாதத்துல 20 மைக்ரோலிட்டர் ஃபார்மலின் கரைசல் ஊசி, நக்கற நேரத்த பாக்கணும்: முதல் 5 நிமிஷம் நேரடி நரம்பு வலி, அப்புறம் 15லேர்ந்து 30 நிமிஷம் வரைக்கும் வீக்கத்தோட வர்ற வலி. ரெண்டாவது கட்டம் மட்டும் குறைஞ்சா உங்க கைடு சொல்றதுக்கு பலம் கூடும். இன்னொண்ணு, 55 டிகிரி கொஞ்சம் முரட்டு சூடு, வீக்கான ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வேலை அதுல தெரியாமலே போயிடலாம், 52ல ஒருதடவ பாருங்க, கட்-ஆஃப் நேரத்தயும் (பாதம் வேகாம எலிய எடுத்துடற நேரம்) அதுக்கேத்த மாதிரி முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க.

பழைய_லேப்காரன்:
@நோசிசெப்டர் மயக்கத்துக்கு சரி, குடல் தசை தளர்றதுக்கு ஹாட் பிளேட் பதில் சொல்லாதே! ஃபார்மலினுக்கு ஒத்துக்கறேன். ஓபியாய்டு சந்தேகம் இருந்தா ரைதிங்லயே நலாக்சோன் (ஓபியாய்ட தடுக்கற மருந்து) சேத்து ஒரு குரூப் வச்சிடலாம்.

கீரிப்புள்ள:
எண்றவங்களுக்கு எது எந்த குரூப்னு தெரியுமா? தெரிஞ்சா அந்த எண்ணிக்கைய நான் நம்பமாட்டேன், அரைகுறையா முறுக்கறத சேக்கறதா விடறதாங்கறது மனசுல இருக்கறத பொறுத்துத்தான் போகும். வீடியோ எடுத்து வேற ஆள எண்ணச் சொல்லுங்க. கன்ட்ரோலுக்கும் எக்ஸ்ட்ராக்ட கலக்கற அதே ட்வீன் 80 கரைசல்தான குடுத்தீங்க, வெறும் தண்ணி இல்லயே? வாய்வழியா குடுத்ததாவது நல்லதாப் போச்சு, ஆசிட் போற அதே வயித்தறைக்குள்ள எக்ஸ்ட்ராக்டயும் ஊசில போட்டு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கலந்துடுற பேப்பர்லாம் பாத்து நொந்துட்டேன்.

செடிமருந்து_எம்ஃபார்ம்:
கன்ட்ரோலுக்கும் ட்வீன் 80தான். ரோட்டாராட் பக்கத்து லேப்ல இருக்கு, கேட்டுட்டேன். ஃபார்மலின், நலாக்சோன் ரெண்டுக்கும் எதிக்ஸ் கமிட்டில திருத்தம் போடணும், எலி எண்ணிக்கையும் கூடுது, அதனால அது அடுத்து. ரைதிங் வீடியோ இருக்கு, குரூப் பேர மறைச்சு கோட் நம்பர் போட்டு ஜூனியர்கிட்ட குடுத்துடறேன்.