மாஸ்டா 13பி ரோட்டரி: முதல் பறப்புக்கு முன் ஆயில் சூடு

கேள்வி: வில்லியனூர் வானூர்தி
ரெண்டு பேர் உட்காரும் வீட்டுத் தயாரிப்பு விமானம். 13பி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுழலும் மாஸ்டா கார் இன்ஜின்), ப்ரொப்பெல்லருக்கு வேகத்தைக் குறைக்கும் 2.85 கியர்பாக்ஸ். ரேடியேட்டருக்கு ஏசி எவாபரேட்டர் கோர் ரெண்டு, ஆயிலுக்குத் தனி கூலர். தரையில் கட்டிவைத்து 5500 ஆர்பிஎம்மில் ஓட்டினால் நாலு நிமிஷத்தில் ஆயில் 100 டிகிரி தொடுது. தண்ணி 88-லேயே நிக்குது. வெளியே 33 டிகிரி. "மேலே போனா காத்து வந்து சரியாயிடும்"னு சொல்றாங்க. நம்பலாமா?

பதில்: மஞ்சக்குப்பம் மெக்கானிக்
நம்பாதீங்க சார். ரோட்டருக்கு உள்ளே குளிர்விப்பது ஆயில்தான். குளிர்விப்பில் வெளியேறும் சூட்டில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு அது வழியாத்தான் போகணும். தண்ணி 88-ல் இருக்க ஆயில் மட்டும் ஏறுதுன்னா கோளாறு கூலர் பக்கம்: ஒண்ணு கூலர் சின்னது, இல்லேன்னா டக்ட்டுக்குள் (காற்றுக் குழாய்க்குள்) வரும் காற்று ஓரத்து இடுக்கு வழியா ஓடிடுது. முதலில் அந்த இடுக்குகளை சிலிக்கான் ரப்பரால் அடைங்க.

அப்புறம் கூலருக்கு முன்னால் ஒரு மெல்லிய குழாய், பின்னால் ஒண்ணு வைத்து காக்பிட்டுக்குக் கொண்டு வாங்க. உபரியா ஒரு ஏர்ஸ்பீடு மீட்டர் (விமானத்தின் வேகம் காட்டும் கருவி) இருந்தா அதிலேயே அழுத்த வித்தியாசத்தைப் படிக்கலாம். 100 நாட் வேகத்தில் காற்று மோதித் தரும் முழு அழுத்தம் (இயக்க அழுத்தம்) சுமார் 165 மி.மீ. நீர். முன்பக்கம் அதில் பாதிகூட வரலேன்னா நுழைவாயில் சரியில்லை. பின்பக்கம் அழுத்தம் தேங்கினால் வெளியேறும் வாய் போதலை. கூலரை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்க, காசு மிச்சம்.

ஏற்றம்தான் உண்மையான சோதனை: முழு பவர், குறைந்த வேகம். காலை 27 டிகிரியில் ஆயில் 92 காட்டினால், அக்னி நட்சத்திரத்து 40 டிகிரியில் 105 ஆகும்னு டிகிரிக்கு டிகிரி கூட்டிக்கோங்க. ஆயிலை 99-க்கு மேல் விடாதீங்க.

பதில்: தேவனாம்பட்டினம்
தண்ணி 88-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். சென்சார் காற்றுக் குமிழுக்குள் மாட்டிக்கிட்டா, இன்ஜின் வெந்துக்கிட்டிருக்கும்போதும் முள் குறைவாத்தான் காட்டும். சிஸ்டத்தின் மிக உயரமான இடத்தில் காற்று பிரியும் தொட்டி வைங்க. தண்ணிக்கு அழுத்தமானியும் போடுங்க. லீக் ஆனா வெப்பமானிக்கு முன்னால் அதுதான் சொல்லும். அதிகம் சூடேறினால் இன்ஜின் ஹவுசிங்குகளுக்கு (உறைப் பகுதிகளுக்கு) இடையே உள்ள ரப்பர் சீல் போய் தண்ணி எரியறைக்குள் வரும்.

ஆயில் மீட்டரிங் பம்ப்பை (எரியறைக்குள் அளவா ஆயில் விடும் பம்ப்) எடுத்துட்டீங்கன்னா லிட்டர் பெட்ரோலுக்கு 8 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கணும், இல்லேன்னா ரோட்டர் முனைகளில் உள்ள அபெக்ஸ் சீல் தேயும். பங்க்கில் இப்போ வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எரிபொருள் ஹோஸ், ஃபைபர் டேங்க் ரெசின் ரெண்டும் அதைத் தாங்குமான்னு பறப்பதற்கு முன்பே பாருங்க.

கேள்வி: வில்லியனூர் வானூர்தி
ரொம்ப நன்றி. குழாய் ரெண்டும் போட்டுடறேன். முதல் பறப்பு எப்படி வைக்கலாம்?

பதில்: மஞ்சக்குப்பம் மெக்கானிக்
டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதி, புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தோட ஒப்புதல், இது ரெண்டும் கையில் இருக்கணும். நேரம் விடிகாலை. 38 டிகிரி வெயிலில் கடல்மட்டத்திலேயே காற்று 2700 அடி உயரத்தில் இருப்பதுபோல மெலிஞ்சிருக்கும், பவரும் ஏற்றமும் குறையும்.

மின்சாரம் நின்றால் இந்த இன்ஜினும் நிற்கும். அதனால் ரெண்டு பெட்ரோல் பம்ப், ரெண்டு பேட்டரி. தரையில் ஆல்டர்நேட்டரை அணைத்து, ஒரே பேட்டரியில் எத்தனை நிமிஷம் ஓடுதுன்னு எழுதி வைங்க. ஏறும்போது ஆயில் 95 தொட்டால் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டுங்க, அப்புறம் த்ராட்டிலைக் குறைங்க. ஓடுபாதைக்கு மேலேயே சுற்றுங்க, இன்ஜின் நின்றாலும் மிதந்து இறங்கும் தூரத்தில். அமெரிக்காவில் சான்றிதழ் இல்லாத இன்ஜினுக்கு வழக்கமா 40 மணி நேரச் சோதனைப் பறப்பு கேட்பாங்க. நீங்களும் அதற்குக் குறையாமல் தனியா பறந்த பிறகே பக்கத்து சீட்டில் ஆளை ஏற்றுங்க.