முதலில் முடிவுக்கோட்டைத் தாண்டியும் ஹேண்டிகேப்பில் ஏழாவது: ஃபயர்பாலில் எங்கே நேரத்தை விடுகிறோம்?

அணியம்12:

வணக்கம். போன வருடம் ஒரு பழைய ஃபயர்பால் (இருவர் ஓட்டும் பந்தயப் பாய்மரப் படகு) வாங்கினேன். அதற்கு முன் ஆறு வருடம் ஒருவர் ஓட்டும் லேசர்தான். இப்போது நான் சுக்கான் பிடிக்கிறேன், என் மச்சான் டிரபீஸில் (பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் கொக்கி மாட்டி, படகுக்கு வெளியே) தொங்குகிறார். படகின் மேல் அவ்வளவு ஆசை; போட்டி இல்லாத நாளிலும் போய் உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவேன்.

எங்கள் போட்டிகளில் எல்லா வகைப் படகும் சேர்ந்து ஓடும். வேகமான படகையும் மெதுவான படகையும் சமன்செய்யும் ஹேண்டிகேப்புக்குப் போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் கணக்கு: ஓடிய நேரத்தை 1000-ஆல் பெருக்கி, படகின் எண்ணால் வகுப்பார்கள். எங்களுக்கு 952, லேசருக்கு 1100. போன ஞாயிறு மூன்று சுற்று. எல்லோருக்கும் முன்னால் 59 நிமிடம் 30 விநாடியில் முடித்தோம். முதல் லேசர் 66 நிமிடத்தில் வந்தது. திருத்திய நேரம் எங்களுக்கு 62:30, அவருக்குச் சரியாக 60. அவரைப் பிடிக்க நாங்கள் 57:07-க்கு வந்திருக்க வேண்டும். 2 நிமிடம் 23 விநாடியைத் தண்ணீரில் எங்கேயோ விட்டிருக்கிறோம். மொத்தத்தில் ஏழாவது.

ஷ்ரவுட்டை (பாய்மரத்தை இருபக்கமும் பிடிக்கும் கம்பியை) ஒவ்வொரு வாரமும் ஒரு துளை ஏற்றி இறக்கிப் பார்க்கிறேன். காற்றுக்கு எதிராகப் போகும்போது டில்லர் (சுக்கானின் கைப்பிடி) கையை இழுக்கிறது. டேக் அடித்த பிறகு (மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி மறுபக்கம் போன பிறகு) படகு வேகம் எடுக்க நேரமாகிறது. தொடக்கத்தில் காற்று மிதம், கடைசிச் சுற்றில் செத்துப்போனது, நாங்கள் முடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. புது மெயின் பாய் (பெரிய பாய்) வாங்கலாமா, ரிக்கை (பாய்மரம், கம்பிகளின் அமைப்பை) முதலில் பார்க்கலாமா?

ஈரப்பலகை:

பாய்க்கு முன்னால் படகை எடை போடுங்கள். பழைய படகு என்றால் இது முக்கியம். என்னுடையதில் மிதவை அறையின் மூடி வளையம் விரிசல் விட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போய், கரையில் வடிந்து, மரம் மட்டும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டது. மூடிகளைத் திறந்து இரண்டு மாதம் காயவைத்த பிறகு தள்ளுவண்டியில் தூக்கும்போதே வித்தியாசம் கைக்குத் தெரிந்தது. சென்டர்போர்டு (படகின் அடியில் இறங்கும் பலகை) வாய்ப்பட்டையையும் பாருங்கள். அது சுருண்டிருந்தால் வேகம் எடுக்கும்போது தண்ணீர் உள்ளே கொப்பளிக்கும்.

மூன்றாம்சுற்று:

தம்பி, நான் பத்தொன்பது வருடமாக ஃபயர்பால் வைத்திருக்கிறேன். பீட்டர் மில்ன் 1962-இல் வரைந்த படகு இது. 4.93 மீட்டர் நீளம், மூக்கு கூராக இல்லாமல் தட்டை. லேசரிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் வருடம் இது பிடி கொடுக்காது. மனம் தளர வேண்டாம்.

புது பாய் இப்போது வேண்டாம். வாராவாரம் துளை மாற்றுவதையும் நிறுத்துங்கள். எந்த மாற்றத்தால் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

முதலில் இன்றைய நிலையை அளந்து எழுதுங்கள். மெயின் ஹால்யார்டில் (பாயை ஏற்றும் கயிற்றில்) அளவுநாடாவைக் கட்டி, பாய் ஏறும் அதே உயரத்துக்கு ஏற்றிப் பூட்டுங்கள். ஜிப் (முன் பாய்) ஹால்யார்டை இழுத்து, போட்டியில் வைக்கும் அதே டென்ஷனைக் கொடுத்துவிட்டு, டிரான்ஸமின் (படகின் பின்பலகையின்) மேல் விளிம்பு வரை அளந்தால் அதுதான் உங்கள் ரேக், அதாவது பாய்மரம் பின்னால் சாய்ந்திருப்பதைக் காட்டும் அளவு. டென்ஷன் இல்லாமல் அளந்தால் அந்த எண் எதற்கும் உதவாது. அப்புறம் அதே நாடாவை இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டு ஷ்ரவுட் அடிக்கும் கொண்டுபோங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பாய்மரம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஒரு டேக்கில் நன்றாகப் போகும் படகு மறு டேக்கில் சொன்னபடி கேட்காததற்குப் பல தடவை இதுதான் காரணம்.

டென்ஷன் குறைந்தால் ஜிப்பின் முன்விளிம்பு காற்று போகும் பக்கம் தொய்யும். ஜிப் உப்பிக்கொள்ளும், காற்றுக்கு நெருங்கிப் போக விடாது. காற்று ஏற ஏற பாய்மரத்தைப் பின்னால் சாய்க்கிறோம், மெயின் பாயின் மேல்பகுதி திறந்து அழுத்தத்தை விடும். அப்போது சென்டர்போர்டையும் கொஞ்சம் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் சுக்கான் கனக்கும்.

உங்கள் டில்லர் இழுப்பதற்கு ரிக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. படகு சாய்கிறது, நீங்கள் சுக்கானால் திருத்துகிறீர்கள். அடுத்த தடவை காற்றடி வரும்போது, படகு சாய்வதற்கு முன்பே மெயின் ஷீட்டை (மெயின் பாயை இழுக்கும் கயிற்றை) ஒரு சாண் விடுங்கள், தட்டையானதும் இழுங்கள். டில்லரை இரண்டு விரலால் மட்டும் பிடித்துப் பாருங்கள். விரல் நழுவினால் படகு சாய்ந்திருக்கிறது. காற்று செத்த நேரத்தில் இதற்கு நேர்மாறு: இருவரும் முன்னால் நகர்ந்து, பின்பக்கம் தண்ணீரை இழுக்காமல், லேசாகச் சாய்த்து ஓட்டுங்கள்.

இப்போது டேக். அந்த 2:23-இல் பெரும்பகுதி இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. லேசரில் ஒருவர்தான், பாயும் ஒன்றுதான். இதில் மச்சான் உள்ளே வந்து, கொக்கியைக் கழற்றி, ஜிப்பை விட்டு, பூமுக்கு (மெயின் பாயின் அடிக்கட்டைக்கு) அடியில் குனிந்து, மறுபக்க ஷீட்டை இழுத்து, மறுபடி கொக்கி மாட்டி வெளியே போக வேண்டும். அவர் கொக்கியைத் தேடும் அந்த மூன்று விநாடி படகு நின்றுவிடும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதலில் வெளியே போகச் சொல்லுங்கள், கொக்கியை அப்புறம் மாட்டலாம். கரையில் கட்டிவைத்தே நூறு தடவை பழகுங்கள். நானும் என் அண்ணன் மகனும் அப்படித்தான் பழகினோம்.

கடைசியாக, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். நீங்கள் முடித்த பிறகு லேசர் இன்னும் ஆறரை நிமிடம் தண்ணீரில் இருந்தது. அந்த நேரத்தில் வந்த காற்று அவருக்கு மட்டும் கிடைத்தது. வேறு நாளில் கடைசியில் காற்று சாகும், அன்று நீங்கள் ஜெயிப்பீர்கள். இரண்டையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தனித்தனியாக எழுதினால், காற்று விட்டது எவ்வளவு, நீங்கள் விட்டது எவ்வளவு என்று பிரிக்க முடியும்.

கரைக்கடிகாரம்:

நான் எங்கள் கிளப்பில் நேரம் குறிப்பவன். மேலே அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சுற்று எவ்வளவு நீளம்? சின்னச் சுற்று என்றால் வேகமான படகுக்கு டேக் அதிகம், இரண்டாம் சுற்றிலேயே மெதுவான படகுகளின் பின்னால் மாட்டும். அவற்றின் பாய் நிழலில் ஒரு தடவை விழுந்து எழுந்தாலே பத்து விநாடி போகும். சுற்றி விலகிப் போவது நல்லது.

இன்னொன்று, 952, 1100 என்ற அந்தப் படகு எண்கள் கல்லில் வெட்டியவை அல்ல. பல கிளப்புகளின் முடிவுகளைச் சேர்த்து வருடாவருடம் திருத்துகிறார்கள். கிளப்பும் தன் முடிவுகளைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு சீசன் முழுக்க உங்கள் நேரம் இருந்தால்தான் பேச முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக் கேட்டால் நானே மறுப்பேன்.

அணியம்12:

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று நாடாவோடு போனேன். ரேக் 6.88 மீட்டர். வலது ஷ்ரவுட் இடதைவிட ஒரு துளை கீழே. போன மாதம் இரண்டையும் சேர்த்து இறக்கினேன் என்றுதான் நினைத்திருந்தேன். மாலையில் காற்றில் போய் டேக்கை நேரம் பார்த்தோம். பத்து டேக், கொக்கி மாட்டிவிட்டு வெளியே போனால் பழைய வேகம் வரச் சராசரி 14 விநாடி. கைப்பிடியில் முதலில் வெளியே போன பத்தில் 9 விநாடி. போன ஞாயிறு எத்தனை டேக் அடித்தோம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம், இருபதைத் தாண்டியது.

மூடி வளையத்தையும் திறந்து பார்த்தேன், முன்னறையில் ஒரு கைப்பிடி ஈரம். இரண்டு மூடியும் இப்போது திறந்து கிடக்கின்றன. பாய் வாங்கவில்லை. இந்த வாரம் ஷ்ரவுட்டைச் சமமாக வைத்து, 6.88-லேயே விட்டுவிட்டு, டேக் மட்டும் பழகுகிறோம். சுற்று நேரங்களை ஞாயிறு இரவு இங்கே போடுகிறேன்.

மூன்றாம்சுற்று:

போடுங்கள் தம்பி. காற்றின் வேகம் எத்தனை நாட், எந்தச் சுற்றில் மாறியது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.