வாடகை பிந்தினால் நாளுக்கு 100 ரூபாய்: இது முறைதானா?

கேள்வி (குலசேகரம்):
ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியான நான் மாதம் 6,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறேன். விடாமல் மழை பெய்தால் வெட்டும் நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். சென்ற மாதம் பன்னிரண்டு நாள் பிந்தி வாடகையைக் கொண்டுபோனபோது, உரிமையாளர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து, நாளுக்கு 100 வீதம் 1,200 ரூபாய் கூடுதலாகக் கேட்டார். கையெழுத்து என்னுடையதுதான். ஆனாலும் வாடகையில் ஐந்தில் ஒரு பங்கை அபராதமாகக் கேட்பது நியாயமா?

மறுமொழி 1 (நாகர்கோவில்):
ஐயா, மாடியை வாடகைக்கு விட்டிருப்பவன் நான். வாடகை வராவிட்டாலும் வீட்டுக் கடன் தவணை 5ஆம் தேதி போயாக வேண்டும். கணக்கில் பணமில்லையென்றால் வங்கி என்னிடம் அபராதம் பிடிக்கிறது. ஆகவே கட்டணமே கூடாது என்பதை ஏற்க முடியவில்லை. ஆனால் என் இழப்பு சில நூறு ரூபாய்தான். 1,200 கேட்க எனக்கு மனம் வராது.

மறுமொழி 2 (தக்கலை):
கையெழுத்திட்டதாலேயே முழுத்தொகையும் கடனாகிவிடாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் பெற முடியும். அதே வேளையில், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் கீழ் இரண்டு மாத வாடகை நிலுவை வெளியேற்றத்துக்குக் காரணமாகலாம் என்பதால், கட்டணத்தைப் பற்றிய தகராறில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். அதைச் செலுத்தி ரசீது வாங்குங்கள்.

மறுமொழி 3 (குளச்சல்):
எங்கள் கடற்கரையில் ஜூன், ஜூலை இரு மாதமும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். என் உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி, அம்மாதங்களுக்கு மட்டும் 20ஆம் தேதி வரை தவணை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டேன். மழைமாதங்களுக்கு நீங்களும் அவ்வாறு கேட்டுப் பாருங்கள்.