பொருள்: "தொல்சுரங்கம்" சரியா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினர்க்கு,
புதிதாகக் கனிமம் எடுக்கும் முன், அந்நிலத்தில் பழங்காலத்தவர் கனிமம் எடுத்த தடயம் உண்டா என்று ஆராய்வதற்கான கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குழி, சுரங்கவழி, கொட்டிய கல்மேடு, உருக்கிய உலை, கசடு எல்லாம் சேர்ந்த இடத்துக்கு ஒரே பெயர் வேண்டும். "தொல்சுரங்கம்" என்று போட்டிருக்கிறேன். தகுமா?

---

தம்பி,
"தொற்சுரங்கம்" அல்லவா என்று யாராவது கேட்பார்கள். அல்வழியில் (வேற்றுமைப் பொருள் இல்லாத புணர்ச்சியில்) லகரம் வல்லினத்தின் முன் திரிந்தும் திரியாமலும் வர நன்னூல் இடம் தருகிறது. தொல்காப்பியம், தொல்பொருள் என்றுதானே வழங்குகிறோம். புணர்ச்சியில் பிழையில்லை.
என் தயக்கம் "சுரங்கம்" மேல். கிரேக்கத்தில் குழலைக் குறிக்கும் "சிரிங்ஸ்" வடமொழியில் "சுருங்கா" ஆகி நம்மிடம் வந்தது என்பர். நான் ஏற்கவில்லை. சுரை என்றால் உட்டுளை. முற்றிக் காய்ந்த சுரைக்காயைத் தட்டிப் பாருங்கள், உள்ளே வெறும் கூடு. அந்தச் சுரையே வேர் என்பேன். ஐயமுள்ளவர்களுக்கு "அகழ்" இருக்கிறது. "அகழ்வாரைத் தாங்கும் நிலம்" என்றாரே வள்ளுவர். தொல்லகழ்வு என்க.

---

ஐயா, வணக்கம்.
"தொல்லகழ்வு" என்றால் எல்லாரும் அகழாய்வு என்றே எடுத்துக்கொள்வார்கள். பழங்காலத்தவர் தோண்டியது வேறு, தொல்லியலாரான நாங்கள் தோண்டுவது வேறு.
வேர் எதுவானாலும் "சுரங்கம்" வேண்டாம் என்பதே என் கருத்தும். பெயரில் உள்ளதைத்தான் கள ஆய்வாளரின் கண் தேடும். குகைவாய் தென்படவில்லை என்றால் "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். ஆனால் களத்தில் கைக்கு அகப்படுவது பல நேரம் ஒரு கூழாங்கல்தான். ஒரு முனை மட்டும் அடிபட்டுச் சிதைந்திருக்கும். பிடி சேர்த்துக் கட்டுவதற்காக நடுவில் சுற்றிலும் பள்ளம் கொத்தியிருப்பார்கள். அதுதான் அவர்களுடைய சம்மட்டி. தீ மூட்டிப் பாறையை உடைத்த இடமென்றால் சுவர் பானையின் உட்புறம்போல வழவழவென்று வளைந்திருக்கும்.
ராஜஸ்தானின் ஜாவரில் துத்தநாகம் வடித்த சுடுமண் வாலைகள் (வடிகலங்கள்), கத்தரிக்காய் வடிவில், ஓர் உலைக்கு 36 என்று வைத்தவை, குவியல் குவியலாகக் கிடக்கின்றன. அந்தக் குவியலுக்கு மேற்கூரை வானம்தான். சுரங்கம் என்ற சொல்லுக்குள் அது எப்படி அடங்கும்? பழைய கல்மேடுகளில் மிச்சக் கனிமம் இருப்பதால் புதிதாக வருபவர்கள் அவற்றையே முதலில் அள்ளிவிடவும் கூடும்.
"தொல்கனிமக் களம்" என்று வைக்கலாமா?

---

சுரங்கப் பொறியாளனாக ஒரு சொல். எங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1975 டிசம்பர் 27 அன்று ஜார்க்கண்டின் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில், கைவிட்ட பழைய பகுதியில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படியிருக்க, பல நூற்றாண்டுக்கு முன் வெட்டியதற்கு வரைபடம் ஏது?
நிலக்கரி வெட்டுகிறோம் என்கிறோம், கல் வெட்டுகிறோம் என்கிறோம். "பழைய வெட்டு" என்றால் கடைசித் தொழிலாளி வரை புரியும். இங்கிலாந்தின் டெர்பிஷயர் ஈயச் சுரங்கத்தார், தங்களுக்கு முன் வெட்டியவர்களையும் அவர்கள் வெட்டிய இடத்தையும் "கிழவன்" என்று ஒரே பெயரால் அழைத்தார்கள். அந்த நெருக்கம் நம் சொல்லிலும் வேண்டும்.

---

"தொல்கனிமக் களம்" என்ற அம்மாவின் சொல்லில் ஒரு திருத்தம். "தொல்கனிமம்" என்றால் தொன்மை கனிமத்துக்கு அடையாகிவிடும். கனிமம் பெரும்பாலும் தொன்மையானதுதான். நாம் சொல்ல வருவது மனிதர் வேலை செய்த களத்தின் தொன்மை. அடையை இடம் மாற்றிக் "கனிமத் தொல்களம்" என்க. ("கனிமம்" சுரங்கத்தைக் குறிக்கும் வடமொழிக் "கனி" வழி வந்தது என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.)
"பழைய வெட்டு" வேண்டாம். "வெட்டு" என்றதும் கல்வெட்டு நினைவுக்கு வரும்.

---

கனிமத் தொல்களம் எனக்குச் சம்மதம் ஐயா. உலையும் குவியலும் அதற்குள் வந்துவிடுகின்றன.

---

நன்றி. இருவர் இசைந்துவிட்டீர்கள், நானும் அதற்கே. "கனிமத் தொல்களம்" என்று அனுப்புகிறேன்.

---

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். உள்ளே எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். கையேட்டின் பின்னுள்ள மாதிரி வரைபடத்தில் மட்டும் "பழைய வெட்டு" என்றே எழுதுங்கள். துளையிடும் இயந்திரத்தை ஓட்டுபவர் கையில் அந்த ஒரு தாள்தான் இருக்கும்.