லீப் 25 சதவீதம்: அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்

என் வீட்டுக்காரர் அமெரிக்க அரசில் குற்றப் புலனாய்வாளர். அவர்கள் பேச்சில் ‘எய்ட்டீன் லெவன்’, 1811 என்பது அந்த வேலைப் பிரிவின் எண். எந்தத் துறை என்று மட்டும் கேட்காதீர்கள். சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே இன்னொரு 25 சதவீதம் வரும். 1994-ல் வந்த சட்டம், ‘Law Enforcement Availability Pay’, சுருக்கமாக எல்லோரும் ‘லீப்’ என்பார்கள். கல்யாணமான புதிதில் அதை போனஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் கணக்கு புரிந்தது. 8 மணி நேர வேலைக்கு மேல், நாளொன்றுக்குச் சராசரியாக 2 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கூப்பிட்டதும் போகத் தயாராக இருக்க வேண்டும். 8-க்கு 2, அதாவது கால் பங்கு. திடீர் வேலை அன்றைக்கு 5 மணி நேரம் இழுத்தாலும் அதே கால் பங்குதான். அவர் குளிக்கப் போனால் போன் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒருநாள் தலை நிறைய நுரையோடு வெளியே ஓடிவந்து, யாருடைய கார் எண்ணையோ என் மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதினார். ஈரத்தில் பாதி அழிந்துவிட்டது, திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்.

அரசு கார் வாசலில்தான் நிற்கும். மகளின் பள்ளி அவர் போகிற வழி, ஆனாலும் ஏற்ற மாட்டார். வேண்டுமென்றே சொந்த வேலைக்கு ஓட்டினால் சட்டப்படி குறைந்தது ஒரு மாதம் சம்பளமில்லாமல் சஸ்பெண்ட். கோபம் வந்தால் நான் அந்தக் காரைத்தான் திட்டுவேன்.

*

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் அரசுச் சம்பள அட்டவணையில் 13-ஆம் கிரேடு என்று நினைக்கிறேன். பதவி உயர்வு வரும்போது யோசிக்கச் சொல்லுங்கள். நான் குழுத் தலைவராக 14-க்குப் போய், அதிலேயே மேல்படிகளுக்கு ஏறினேன். அடிப்படைச் சம்பளமும் லீப்பும் சேர்ந்து, இரண்டு வாரக் கணக்கில், 15-ஆம் கிரேடின் கடைசிப் படியைத் தாண்டக் கூடாது. தாண்டுகிற பணம் வெட்டப்படும், அவ்வளவுதான். நடுராத்திரி 2 மணிக்கு என் குழுப் பையனும் நானும் ஒரே வாசலில் நிற்போம். அவனுக்கு முழு 25, எனக்கு அதில் ஒரு துண்டு. குழுத் தலைவர் வேலைக்கு ஆளே விண்ணப்பிக்கவில்லை என்று மேலிடம் ஆச்சரியப்படுவதுதான் எனக்கு ஆச்சரியம்.

2016 தேர்தல் ஆண்டில், அதிபரையும் வேட்பாளர்களையும் காக்கும் சீக்ரெட் சர்வீஸ்காரர்கள் பலர் இந்த வரம்பைத் தொட்டு, அதற்குமேல் பார்த்த வேலைக்குப் பணம் வராமல் நின்றார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவர்களுக்கென்று தனிச்சட்டம் போட்டு வரம்பை ஏற்றியது. மற்றவர்களுக்கு அது இல்லை.

*

நான் இதே வேலையை ஏழாவது வருடத்தில் விட்டுவிட்டுத் தனியார் வங்கிக்குப் போனவன். சம்பளம் கூடத்தான். ஆனால் ஆளைப் பிடித்து வைப்பது லீப் என்று நான் சொல்ல மாட்டேன். லீப்பும் ஓய்வூதியக் கணக்கில் சேர்கிறதே, அதுதான் பிடிக்கிறது. 20 வருடம் முடித்து 50 வயதானால் கிளம்பலாம். அந்த 20-க்கும் வருடத்துக்குச் சம்பளத்தில் 1.7 சதவீதம், ஆக ஓய்வூதியம் 34 சதவீதம். பாதியில் போனால் வருடத்துக்கு 1 சதவீதம், அதுவும் 62 வயதில். எங்கள் அலுவலகத்தில் விலகியவர்கள் எல்லோரும் முதல் பத்து வருடத்துக்குள் விலகியவர்கள். பதினைந்தைத் தாண்டியவர் யாரும் அசையவில்லை. வேலை பிடிக்காதவர்கள்கூட மேஜை இழுப்பறையில் ஓய்வுத் தேதியை எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு இருந்தார்கள்.

*

எனக்கு 35 ஆகிறது. இந்த வேலையில் பொதுவாக 37-க்குள் சேர வேண்டும், 57-ல் கட்டாய ஓய்வு. விலகிய அண்ணா, ஒரு கேள்வி: போன் அடிக்காத ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறீர்களா?

*

முதல் ஆறு மாதம் தூக்கமே இல்லை தம்பி. அடிக்காத போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.