அம்புலன்சுக்கு முதல் வள்ளம் வாங்குவோம்

சங்கத்து அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

ஊருக்கு அம்புலன்ஸ் எடுத்துக் கொடுப்போம் என்று கனடாவில் இருந்து அண்ணன் எழுதியதை வாசித்தேன். நல்ல எண்ணம்தான், ஆனால் மாரி தொடங்க முதல் ஒன்று சொல்ல வேண்டும்.

2017 ஓகஸ்டில் ஹார்வி புயலும் வெள்ளமும் வந்தபோது நான் அமெரிக்காவில், ஹியூஸ்டனில் இருந்தேன். ஹெலிகொப்டர், தீயணைப்புப் படை என்று ஒன்றுக்கும் குறைவில்லாத நகரம். அங்கேயே முதல் இரவும் அடுத்த நாள் மதியமுமாகப் 15 மணித்தியாலத்தில் 56,000க்கு மேற்பட்ட அழைப்புகள் 911 என்ற அவசர இலக்கத்துக்குப் போயின. யார் சமாளிப்பார்கள்? பரணுக்குள் ஏறாதீர்கள், கூரைக்கு ஏறுங்கள் என்று அறிவித்தார்கள், பிறகு படகு வைத்திருக்கிறவர்கள் வந்து உதவுங்கள் என்று அதிகாரிகளே சனத்திடம் கேட்டார்கள். எங்கள் தெருவில் மீன்பிடிக்கப் போகிற ஒருவர்தான் தன் அலுமினியப் படகைக் கொண்டுவந்து, குசினி மேசையில் ஏறி இருந்த எதிர்வீட்டு ஆச்சியைத் தூக்கி இறக்கினார். ஆச்சியின் கையில் குளிசைகள் போட்ட ஒரு ஷொப்பிங் பேக், படகில் ஏறும்போதும் அதை அவ விடவில்லை.

இப்போது நம்மூரை யோசியுங்கள். 1990 இலக்கத்துக்குக் கூப்பிட்டால் காசில்லாமல் வர சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கிறது, 117 இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பில் நம் மண்டூர்–வெள்ளாவெளி வீதி தண்ணிக்குள் போனால் எந்த அம்புலன்ஸ் வரும்? உழவு இயந்திரம் போகும்தானே என்று சொல்லாதீர்கள். 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் இந்த வருசக் காசில் இயந்திரம் பூட்டிய பைபர் வள்ளம் இரண்டு வாங்குவோம். உயிர்காப்பு அங்கி சின்னப் பிள்ளைகளின் அளவிலும் வேண்டும், நல்ல கயிறு, டோர்ச் எல்லாம் சேர்த்து. ஓட்டுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை, வாவியில் தொழில் செய்கிற நம் பெடியன்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி மட்டும் கொடுப்போம். வள்ளத்தின் திறப்பை ஒருவரிடம் மட்டும் வைக்காமல், இரண்டு வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும்.

அப்புறம், எந்த வீட்டில் யார் படுக்கையில், யார் பிள்ளைத்தாச்சி, யாருக்கு இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் கிராம சேவகர் கையிலும் வள்ளக்காரர் கையிலும் இருக்க வேண்டும். ஊரில் அப்பா, அம்மா தனியாக இருக்கிறவர்கள் விபரத்தைச் செயலாளருக்குத் தனியாக அனுப்புங்கள், இங்கே எல்லாருக்கும் போட வேண்டாம். ஒக்டோபருக்கு முதல் கிடைத்தால் நல்லது.